பழந்துப்பாக்கியும் புதுமெருகும்

பழையதைப் புதிதாக்கினால் அதன் மதிப்பு உயரும் என்பது உலகத்தார் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம். வீட்டிற்கு வெள்ளையடித்தால் குடிவருவோர் கூடுதல் வாடகை தரச் சம்மதிக்கின்றனர். நிறம் மங்கிய மேசைக்கு வார்னிஷ் பூசினால் வாங்குவோர் இருமுறை திரும்பிப் பார்க்கின்றனர். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளக்கச் செய்வதை நம் வீடுகளில் ஒரு கடமையாகவே கருதுகிறோம். ஆயுத பூசை நாளன்று துருவேறிய அரிவாளுங்கூடத் தேய்த்துத் துடைக்கப்பெற்ற பின்னரே சந்தனமும் குங்குமமும் ஏற்கிறது. துலக்குதல் என்பது நம் மனத்தில் மரியாதையின் அடையாளம்.

ஆனால் இவ்விதி செல்லாத ஓர் இடம் உண்டு. அது பழம்பொருள் சேகரிப்போரின் உலகம். அவ்வுலகிலும் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது பழைய துப்பாக்கிகளைப் பற்றியே ஆகும். நூறாண்டு கண்ட ஒரு துப்பாக்கியைத் தேய்த்து, மெருகிட்டு, புதுநிறம் ஏற்றினால் அதன் விலை ஏறுமா, இறங்குமா? இது செல்வர்களின் பொழுதுபோக்கைச் சார்ந்த சிறு ஐயம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று உறைக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. குடும்பத் தலைவர் மறைந்தபின், அதை முறைப்படி விற்றுக் கிடைக்கும் தொகையில் ஒரு கடனை அடைக்கலாம் என்று எண்ணும் விதவை மனைவியும், அதை அருங்காட்சியகத்திற்குத் தரலாம் என்று எண்ணும் மகனும் இருக்கின்றனர். அந்நேரத்தில் ஒருவர் வந்து, ‘இதைச் சற்றே பளபளப்பாக்கித் தருகிறேன், நல்ல விலைக்குப் போகும்’ என்று சொன்னால் அவர்கள் யாது செய்வது? அவர்களை எண்ணியே இவ்வுரையை அமைத்துள்ளோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு எப்பொருளிலும் முதலில் தென்படுவது சொல் வேற்றுமை. பழுதுபார்த்தல், புதுப்பித்தல், பேணுதல் என்னும் மூன்றும் அன்றாடப் பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. பழம்பொருள் இயலில் இவை வெவ்வேறு செயல்கள். உடைந்த உறுப்பை இயங்கச் செய்வது பழுதுபார்த்தல். இருக்கும் மேற்பரப்பை நீக்கிவிட்டுப் புதியதொன்றை ஏற்படுத்துவது புதுப்பித்தல். இருப்பது எதுவோ அதை மேலும் அழியாமல் காப்பது பேணுதல். முதலிரண்டும் பொருளை மாற்றுகின்றன. மூன்றாவது, மாற்றத்தைத் தடுக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் நம் கேள்விக்குரிய விடையில் பாதி கிடைத்ததாகவே கொள்ளலாம்.

இனி, துப்பாக்கியின் மேற்பரப்பு என்பது யாது என்று பார்ப்போம். குழலின் மேல் காணும் கருநீல நிறம் வண்ணப் பூச்சு அன்று. அது இரும்பின் மேனியிலேயே தோன்றும் மெல்லிய ஆக்சைடுப் படலம். செந்துருவும் இரும்பின் ஆக்சைடே. கருநீலமும் இரும்பின் ஆக்சைடே. முன்னது பொருளை அரிக்கிறது. பின்னது உடலோடு ஒட்டி நின்று, எண்ணெயை ஏற்று, ஓரளவு காவலாக அமைகிறது. ஒரே இரும்பு, ஒரே பிராணவாயு. சேர்க்கையின் முறை மாறினால் பகையே காவலாகிறது.

இந்நிறத்தை ஏற்றப் பழைய தொழிலாளர் கையாண்ட முறைகள் பொறுமையைச் சோதிப்பவை. நன்கு மெருகிட்ட குழலின்மீது துருப்பிடிக்கச் செய்யும் கரைசலைத் தடவி, ஈரமான அறையில் வைத்து, மெல்லிய செந்துரு படரச் செய்வார்கள். பின்னர் அதைக் கொதிநீரில் இட, செந்துரு கருமையாக மாறும். தளர்ந்து நிற்பதைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு, மீண்டும் துரு, மீண்டும் கொதிநீர், மீண்டும் தூரிகை என்று பலமுறை செய்வார்கள். இதற்குப் பல நாட்கள் ஆகும். துப்பாக்கியின் உடற்பகுதியை எலும்புக் கரியும் மரக்கரியும் நிரம்பிய பெட்டியில் வைத்துக் காய்ச்சிச் சட்டென்று நீரில் அமிழ்த்தும் முறை வேறொன்று. அப்போது நீலம், செம்பழுப்பு, சாம்பல் ஆகிய நிறங்கள் மேகம் கலைந்தாற்போல் இரும்பின்மேல் படியும். அந்நிறக் கோலம் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு முறை பரவிற்று. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டு உப்பும் கலந்த கரைசலை ஏறத்தாழ 140 பாகை வெப்பத்தில் கொதிக்கவைத்து, அதில் உறுப்புகளை அமிழ்த்தி எடுத்தால் சிறிது நேரத்தில் ஒரே சீரான கருநிறம் கிடைக்கும். வேலை எளிது, செலவும் குறைவு. இன்று பட்டறைகளில் ‘நீலம் ஏற்றித் தருகிறோம்’ என்று சொல்வது பெரும்பாலும் இதையே. பழைய முறையில் அமைந்த நிறத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பழகிய கண்ணுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

துப்பாக்கி சேகரிப்பு மிகவும் வளர்ந்துள்ள நாடு அமெரிக்கா. அங்கே கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரில் கோல்ட் நிறுவனம் 1873-இல் வெளியிட்ட சுழல்துப்பாக்கியும், வின்செஸ்டர் நிறுவனம் அதே ஆண்டின் பெயரால் வெளியிட்ட ரைபிளும் சேகரிப்போர் விரும்பித் தேடுபவை. இவற்றின் நிலையை மதிப்பிட அந்நாட்டின் தேசிய ரைபிள் சங்கம் வகுத்த படிநிலைகள் வழக்கில் உள்ளன. அப்படிநிலைகளை நோக்கினால் நம் கேள்விக்கு நேரான விடை அங்கேயே இருக்கிறது.

பழம்பெரும் துப்பாக்கி ஒன்று ‘மிகச் சிறந்தது’ எனப்பட வேண்டுமாயின், எல்லா உறுப்புகளும் தொடக்கத்தில் அமைந்தவையாகவும், தொடக்க மேற்பரப்பில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் எஞ்சியதாகவும் இருத்தல் வேண்டும். ‘சிறந்தது’ என்பதற்கு 30 பங்கிற்கு மேல் போதும். அதற்கடுத்த ‘மிக நன்று’ என்னும் படியில் 30 பங்கிலிருந்து ஒன்றுமே இல்லாத நிலைவரை ஏற்கப்படுகிறது. ஆனால் விளிம்புகள் கூர்மையாகவும் எழுத்துக்கள் தெளிவாகவும் நிற்க வேண்டும். மறுநிறம் ஏற்றப்பட்ட துப்பாக்கி எங்கே இடம் பெறுகிறது? அதற்கும் கீழே, ‘நன்று’ என்னும் படியில். அங்கங்கே துருவேறியதோடும் மரக்கட்டைக்குப் புதுமெருகு இட்டதோடும் சேர்ந்து நிற்கிறது.

இதன் பொருளைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிறம் முழுவதும் தேய்ந்து, சாம்பல் பூத்தாற்போல் நிற்கும் பழைய துப்பாக்கி மேற்படியில் இருக்கலாம். கண்ணாடிபோல் மின்னும் புதுநிறத் துப்பாக்கி கீழ்ப்படியில் நிற்கிறது. ஆகவே, ஒன்றுமில்லாத மேனியைவிடப் பொய்ம்மேனி தாழ்ந்தது என்பதே சேகரிப்போரின் தீர்ப்பு. படி ஒன்று இறங்கினால் விலையும் அதற்கேற்ப இறங்கும். அரியவகைத் துப்பாக்கியாயின் அவ்வீழ்ச்சி சிறிதாக இராது.

ஏன் இவ்வாறு? இதை வெறும் பழமைப் பித்து என்று தள்ளிவிடலாகாது. சேகரிப்பவர் விலைகொடுப்பது இரும்புக்கும் மரத்திற்கும் அன்று; சான்றுக்கு. இந்தத் துப்பாக்கி இன்ன ஆண்டில், இன்ன பட்டறையில், இன்னவாறு செய்யப்பட்டது. இன்ன வழியாக வந்தது என்பதற்கு அதன் மேனியே ஆவணம். கையிடுக்கில் தேய்ந்த நிறம், குதிரைச் சேணத்தின் உறையில் உரசி மங்கிய குழல்முனை, கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான கட்டை ஆகியவை யாவும் அவ்வாவணத்தின் வரிகள். ஓர் ஓலைச்சுவடியில் எழுத்து மங்கிவிட்டது என்பதற்காக அதைச் சீவிவிட்டு அதன்மேல் புதிதாக எழுதுவோமா? எழுதினால் எழுத்து தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அது அச்சுவடியின் எழுத்தாக இராது.

புதுநிறம் ஏற்றுமுன் பழைய நிறத்தையும் துருவையும் அடியோடு நீக்கியாக வேண்டும். உண்மையான இழப்பு இங்கேதான் நேர்கிறது. நிறத்தைவிடப் பெருங்கேடு செய்வது மெருகுச் சக்கரமே. சுழலும் சக்கரத்தில் பிடித்தவுடன், தொழிலாளி அரத்தால் அமைத்த கூரிய விளிம்புகள் மழுங்கி உருண்டுவிடுகின்றன. எண்கோணக் குழலின் தட்டையான முகங்கள் அலைபோல் நெளிகின்றன. திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்து, சிறு கிண்ணம்போல் ஆகிறது. முத்திரை எழுத்துக்கள் ஆழம் குறைந்து, ஒருபக்கம் இழுபட்டுத் தேய்ந்துவிடுகின்றன. துருக்குழிகள் மட்டும் முற்றும் போகாமல் புதுநிறத்தின் அடியில் அம்மைத் தழும்புபோல் தெரிகின்றன. மரக்கட்டைக்கு உப்புத்தாள் போட்டால், முன்னர் இரும்பின் விளிம்பைவிட நூலளவு உயர்ந்து நின்ற மரம் இப்போது தாழ்ந்து நிற்கிறது. நிறத்தை வேண்டுமானால் மீண்டும் ஏற்றலாம். தேய்ந்துபோன இரும்பைத் திரும்பக் கொணர இயலாது.

தேய்ந்து மறையும் எழுத்துக்கள் அற்பமானவை அல்ல. இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழல்களைக் கூடுதல் மருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் நிலையங்கள் உண்டு. இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனை நிலையம் 1813-இல் பாராளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. குழலில் உள்ள அச்சோதனை முத்திரைகளைக் கொண்டே அது எவ்விடத்தது, ஏறத்தாழ எக்காலத்தது, எவ்வகை மருந்துக்கு ஏற்றது என்று அறிஞர் கூறிவிடுகின்றனர். அமெரிக்காவிலோ தொழிற்சாலைப் பேரேடுகளே எஞ்சியுள்ளன. வயோமிங் மாநிலத்தில் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பேரேடுகள் காக்கப்படுகின்றன. துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொண்டு அது என்று அனுப்பப்பட்டது, என்ன வடிவில் அனுப்பப்பட்டது என்று பார்க்கலாம். எண்ணே தேய்ந்துவிட்டால் பேரேடு இருந்தும் பயனில்லை.

ஓர் எண்ணுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் வங்கப் புரட்சி வீரர் கைக்குச் சென்றன. அத்துப்பாக்கிகள் ஒவ்வொன்றிலும் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வெண்கள் கம்பெனியிடம் பதிவாகியிருந்தன. பிற்காலத்து நிகழ்ச்சிகளில் கைப்பற்றப்பட்ட துப்பாக்கி அந்த ஐம்பதில் ஒன்றா என்று அறிய அவ்வெண்களே உதவின. அன்று அரசாங்கத்திற்குத் துப்புத் துலக்கிய அதே எண், இன்று வரலாற்றாசிரியனுக்கு விலைமதிப்பற்ற சான்று. எண் உள்ள மௌசர் சுதந்திரப் போராட்டத்தின் நினைவுச் சின்னம் ஆகலாம். எண் தேய்ந்த மௌசர் பழைய ஜெர்மானியத் துப்பாக்கி மட்டுமே.

நம் நாட்டு அரசவைத் துப்பாக்கிகளுக்கு இக்கருத்து இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். வடநாட்டுத் திரித் துப்பாக்கிகள் பலவற்றில் ‘கோஃப்த்கரி’ என்னும் பொன்வேலை உண்டு. இரும்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கீறல்கள் இட்டு, அவற்றின்மேல் பொற்கம்பியை வைத்துத் தட்டிப் பதிய வைப்பது அம்முறை. பொன் அங்கே மேலோட்டமாகவே பற்றி நிற்கிறது. துருவை நீக்குவதாக எண்ணித் தேய்த்தால், துருவோடு பொன்னும் தூளாகப் போய்விடும். ஒரு காலைப்பொழுதின் தேய்ப்பில் ஒரு கைவினைஞனின் பல மாத உழைப்பு துணியில் ஒட்டிக்கொண்டு போவதற்கு இடமுண்டு.

மைசூர் திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் சீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் உருவானவை. அவற்றில் புலிவரிக் கோலமும், புலித்தலை வடிவமும், திப்பு தாமே வகுத்த மௌலூதி ஆண்டுக் கணக்கும் காணப்படும். 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தபின் அவற்றுள் பல கடல்கடந்து சென்றன. 2015 ஏப்ரலில் இலண்டன் பான்ஹாம்ஸ் ஏல நிலையத்தில் திப்புவின் ஆயுதங்கள் அடங்கிய ஒரு தொகுதி 60 இலட்சம் பவுனுக்கும் அதிகமான தொகைக்கு விற்பனையாயிற்று. வாங்கியோர் எதற்காக அத்தொகையைக் கொடுத்தனர்? சுடுவதற்காக அன்று. புலிவரியும், வெள்ளிப் பொறிப்பும், ஆண்டு எழுத்தும் ஐயத்திற்கு இடமின்றி இன்னாருடையது என்று பேசின, அப்பேச்சுக்கே விலை. இடையில் யாரேனும் ஒருவர் அவற்றைப் ‘புதிதாக்க’ முனைந்து அவ்வெழுத்துக்களைத் தேய்த்திருந்தால், சாட்சி ஊமையாகியிருக்கும்.

இவ்வளவும் கேட்டபின் ஓர் எதிர்வாதம் எழக்கூடும். அப்படியாயின் புதுப்பித்தல் எந்நிலையிலும் தவறுதானா? அன்று. விதிக்குப் புறனடைகள் உண்டு. அவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அப்பொருளின் வரலாற்றிலேயே நிகழ்ந்த புதுப்பிப்பு. மேலே கூறிய 1873-ஆம் ஆண்டுக் கோல்ட் சுழல்துப்பாக்கிகளை அமெரிக்கப் படை ஏழரை அங்குலக் குழலோடு வாங்கிற்று. 1895 முதல் அவற்றுள் பலவற்றைத் திரும்பப் பெற்று, குழலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து, உறுப்புகளைக் கலந்து பூட்டி, மறுநிறம் ஏற்றி மீண்டும் படைக்கு வழங்கினர். சேகரிப்போர் இவற்றை வெறுப்பதில்லை. ‘பீரங்கிப்படை வகை’ என்று தனிப்பெயர் சூட்டித் தேடுகின்றனர். ஏனெனில் அங்கே மாற்றமே வரலாறு. ஒரு படை தன் தேவைக்காகச் செய்த மாற்றமும், ஒரு வியாபாரி விற்பனைக்காகச் செய்த மாற்றமும் ஒன்றாகா.

இரண்டாவது, நம் நாட்டு நீரோட்ட எஃகு. சில பழைய குழல்களிலும் வாள்களிலும் காணும் அலைவரிக் கோலம், மெருகிட்டபின் அமில உப்பால் அரித்து வெளிக்கொணரப்படுவது. அக்கோலம் மங்கியபோது மீண்டும் அரித்துத் தெளிவாக்குதல் பண்டைக் கைவினை மரபிலேயே இருந்தது. ஆகவே தேர்ந்த வல்லுநர் கையால் அது நிகழ்ந்தால் குற்றமாகக் கருதப்படுவதில்லை. எனினும் ‘தேர்ந்த வல்லுநர்’ என்னும் சொல்லை இங்கே அடிக்கோடிட வேண்டும்.

மூன்றாவது, ஏராளமாகச் செய்யப்பெற்று, எங்கும் கிடைத்து, அருமை ஏதுமில்லாத துப்பாக்கி. பயிரைக் காக்க உரிமம் பெற்று ஓர் உழவர் வைத்திருக்கும் சாதாரணத் துப்பாக்கிக்குத் துருநீக்கி நிறம் ஏற்றினால் அது இன்னும் சில காலம் உழைக்கும். அங்கே சேகரிப்பு மதிப்பு என்று ஒன்று இல்லாததால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. நான்காவது, முன்னரே யாரோ கெடுத்துவிட்ட துப்பாக்கி. மழுங்கிய விளிம்பும் பொருந்தா நிறமும் கொண்ட ஒன்றைப் பழைய முறைகளையே கையாண்டு, எழுத்துக்களைக் காத்து, தொடக்க நிலைக்கு அணுக்கமாகக் கொணரும் வல்லுநர்கள் மேனாடுகளில் உள்ளனர். அவர்கள் பணி கலையே. ஆயினும் அதற்கு ஆகும் கூலி, அதனால் ஏறும் விலையை விஞ்சிவிடுவது உண்டு. குடும்ப நினைவுக்காகச் செய்துகொள்ளலாம். ஆதாயத்திற்காகச் செய்வோர் கணக்குப் பார்த்தல் நலம்.

எவ்வகைப் புதுப்பிப்பு ஆயினும் ஒரு நெறி மாறாது: விற்பவர் அதை வெளிப்படச் சொல்ல வேண்டும். புதுநிறம் ஏற்றியதைப் புதுநிறம் என்று சொல்லி விற்பது வாணிகம். தொடக்க நிறம் என்று சொல்லி விற்பது வஞ்சனை. நிறம் ஏற்றுவது குற்றமன்று. வாய் மூடுவதே குற்றம்.

விலையைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இரு குழல்களுக்கும் இடையே ஓடும் பட்டை ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. அவற்றைக் கொதிக்கும் காஸ்டிக் கரைசலில் இட்டால் அப்பற்று அரிபட்டுப் பட்டை பிரிந்துவிடும். இரும்புப் பட்டிகளையும் எஃகுப் பட்டிகளையும் முறுக்கிச் சேர்த்துச் செய்த ‘டமாஸ்கஸ்’ குழல்களுக்கும் அக்கரைசல் பொருந்தாது. இடுக்கில் தங்கிய உப்பு உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். வெளியே அழகு; உள்ளே பலவீனம். இதை அறியாத பட்டறைக்காரர் அக்குழல்களையும் மற்றவற்றைப்போலவே கரைசலில் இட்டுவிடக்கூடும்.

சட்டமும் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ வேறு அடையாளத்தையோ அழித்தலும் மாற்றுதலும் அதன் 8-ஆம் பிரிவின்படி தடுக்கப்பட்டுள்ளன. ஆகவே மெருகுச் சக்கரம் எண்ணைத் தேய்த்துவிட்டால் குறைவது விலை மட்டுமன்று; உரிமையாளர் சட்டத்தின் முன் விளக்கம் கூற நேரும். பழுதுபார்க்கும் தொழிலுக்கும் அச்சட்டப்படி உரிமம் வேண்டும். பழங்கால மதிப்புடையதும், பழுதுபார்த்தும் பாராமலும் சுடுவதற்கு இயலாததுமான ஆயுதத்திற்கு 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. எனினும் தம் வீட்டுத் துப்பாக்கி அவ்வகையைச் சேர்ந்ததா என்பதைக் குடும்பத்தார் தாமே முடிவுசெய்துகொள்ளலாகாது. உரிமம் வழங்கும் அதிகாரியைக் கேட்டறிதல் வேண்டும். மேலும், நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் ஆட்சிக்கு உட்படுவன. அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப இயலாது.

அங்ஙனமாயின், வீட்டில் பழந்துப்பாக்கி உள்ளவர் செய்யத்தக்கது யாது? முதற்கண், அது உரிமத்தோடு உள்ளதா என்பதை உறுதி செய்துகொள்க. அடுத்து, குழலில் மருந்து எஞ்சியுள்ளதா என்பதை அறிந்தவரைக் கொண்டு சோதிக்கச் செய்க. வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கிகள் பல, எப்போதோ இட்ட மருந்தோடு இன்றும் சுவரில் தொங்குவதுண்டு. காலம் கடந்ததால் அம்மருந்து செத்துவிட்டது என்று நம்பலாகாது. அதன்பின் எல்லாப் பக்கங்களிலும் புகைப்படம் எடுத்து, எழுத்துக்களையும் எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்க. பாட்டனார் வாங்கிய ரசீது, பழைய உரிமப் புத்தகம், வேட்டைக்குச் சென்றபோது எடுத்த நிழற்படம் ஆகியவை இருந்தால் அவற்றைத் துப்பாக்கியின் உறுப்புகளாகவே எண்ணிக் காக்க. தாளும் விலை பெறும்.

பேணும் முறையும் எளிதே. கையின் வியர்வையில் உள்ள உப்பே இரும்புக்கு முதற்பகை. ஆதலின் பருத்திக் கையுறை அணிந்து தொடுக. மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் எடுத்து இரும்பின்மேல் தடவித் துடைத்துவிடுக. மரத்திற்கு உப்புத்தாளும் வேண்டா, வார்னிஷும் வேண்டா. மெழுகு சிறிது போதும். தோலுறையிலும் கம்பளி உறையிலும் நெடுநாள் இட்டு வைக்கலாகாது. அவை ஈரத்தை உறிஞ்சி இரும்பிற்குத் தரும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க. கைக்குக் கிடைத்த திருப்புளியால் திருகாணிகளைக் கழற்ற முயல வேண்டா. வாய் பொருந்தாத திருப்புளி வழுக்கிச் செய்யும் கீறல் ஒன்றே வாங்குவோரை முகஞ்சுளிக்கச் செய்துவிடும். செந்துரு பரவுகிறது என்று கண்டால், அருங்காட்சியகத்தில் பேணும் பணி புரிவோரைக் கலந்து பேசுக. தில்லித் தேசிய அருங்காட்சியகம், ஐதராபாத்து சாலார்ஜங் அருங்காட்சியகம், ஜோத்பூர் மெஹரான்கட் கோட்டை ஆகிய இடங்களில் உள்ள ஆயுதத் தொகுதிகளைப் பார்த்து வந்தால், பழம்பொருள் எந்த நிறத்தில் இருப்பது இயல்பு என்பதைக் கண்ணே கற்றுக்கொள்ளும்.

சுருங்கச் சொன்னால், நம் கேள்விக்குரிய விடை இதுவே. அரிய பழந்துப்பாக்கியின் தொடக்க மேற்பரப்பை நீக்கிப் புதுமெருகிட்டால் அதன் மதிப்பு குறையும். பெரும்பாலும் மிகவும் குறையும். பொதுவான துப்பாக்கிக்கு இழப்பு சிறிது. சில வேளை இல்லை எனலாம். இது எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரியாதவரையில், கை வைக்காதிருத்தலே அறிவுடைமை. செய்யாத புதுப்பிப்பைப் பிறகும் செய்துகொள்ளலாம். செய்துவிட்ட புதுப்பிப்பைத் திரும்பப் பெற வழியில்லை.

துப்பாக்கி உயிரைக் கவரப் பிறந்த கருவி. அதைச் சேகரிப்பதில் நமக்கு விருப்பம் இருக்கலாம், இல்லாதிருக்கலாம். ஆயினும் சுடும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று அது சான்றாக மட்டும் நிற்கும்போது, அச்சான்றை உள்ளபடி நிற்கவிடுதல் நம் கடமை. முதியவர் ஒருவர் தம் காலத்துச் செய்தியைச் சொல்லத் தொடங்கும்போது, நாம் அவருடைய நரைக்கு மை தீட்ட முனைவதில்லை. அருகில் அமர்ந்து கேட்கிறோம். பழம்பொருளிடத்தும் நாம் அந்த மரியாதையையே காட்டுவோமாக.